கரைக்குழுவில் என் மகள்

பள்ளிச் செயலியில் அந்தக் குரல் முதலில் கேட்டது, எந்த மொழியில் பேச விரும்புகிறீர்கள் என்றுதான். சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளும் திரையில் இருந்தன. அலுவலகத்தில் பகல் முழுக்க ஆங்கிலத்திலேயே கணக்குப் பேசிவிட்டு வந்திருந்தேன். தமிழைத் தொட்டேன்.

மகள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். அந்த வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் வடக்கே உள்ள தீவு ஒன்றில் ஐந்து நாள் முகாமுக்குப் போக வேண்டும். காட்டுக்குள் நடப்பார்கள், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு உயரத்தில் ஏறுவார்கள், கூடாரம் போட்டுத் தூங்குவார்கள். நான்காவது நாள் இரண்டிரண்டு பேராகக் கயாக் என்னும் ஒடுங்கிய துடுப்புப் படகில் ஏறி, தீவின் மறுகரைவரை கடலில் துடுப்புப் போடுவார்கள். மற்ற நாள்களைப் பற்றி மகள் வீட்டில் பேசியதே இல்லை. அந்த நான்காவது நாள்தான் பேச்சு. அவளும் அவளுடைய சீனத் தோழியும் ஒரே படகு என்று போன வருடமே முடிவு செய்துவிட்டார்கள்.

முன்பெல்லாம் இதற்கு ஒரு தாள் வரும். நோய் உண்டா, ஒவ்வாமை உண்டா என்று கேட்டிருக்கும். ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார்கள். இப்போது முகாம் நடத்துகிறவர்கள் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அது பெற்றோரோடு பேசி, கேட்டதையெல்லாம் எடைபோட்டு, எந்தப் பிள்ளை எந்த நடவடிக்கைக்குப் போகலாம் என்று பரிந்துரை செய்கிறது.

நான் கவலைப்படுகிற ஆள். “டாக்டர் என்ன செய்யுதுன்னு கேட்டா நீங்க கல்யாணத்துக்கு முந்தியிருந்து ஆரம்பிப்பீங்க,” என்று மனைவி சொல்வாள். அன்றும் அப்படித்தான். பிறந்தவுடன் மகளுக்கு வந்த மஞ்சள்காமாலையில் தொடங்கினேன். மழலையர் பள்ளியில் அடிக்கடி வந்த இளைப்பு, வலது கணுக்கால் சுளுக்கு, இறால் சாப்பிட்டால் உதட்டில் வரும் தடிப்பு. குரல் அவசரப்படவில்லை. “புரிகிறது. மேலும் சொல்லுங்கள்,” என்றது. செய்தி வாசிப்பவரின் நிதானம் அதில் இருந்தது. வீட்டில் யாரும் என்னிடம் மேலும் சொல்லுங்கள் என்று சொல்வதில்லை.

பிறகு கேட்டது: “உங்கள் பிள்ளை எப்போதாவது மயக்கமடைந்திருக்கிறாரா?”

சமையலறையில் மனைவி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கைபேசியை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

இந்த ஆண்டு தைப்பூசத்தில் மகள் முதல்முறையாகப் பால்குடம் எடுத்தாள். சிராங்கூன் சாலைக் கோயிலிலிருந்து டேங்க் சாலைக் கோயில்வரை வெறுங்கால் நடை. மனைவியும் குடம் எடுத்து அவள் பின்னால் வந்தாள். நான் தண்ணீர்ப் போத்தலும் துண்டுமாகத் தடுப்புக்கு வெளியே கூடவே நடந்தேன். வரிசை நகர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. பாதி வழிக்குமேல், இசைக்கு அனுமதி கொடுத்திருந்த ஓரிடத்தில் உறுமி அடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே மகள் நின்றாள். ஆடினாள் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். தள்ளாடினாள் என்று நான் சொல்வேன். கண் மேலே செருகியது. பக்கத்தில் வந்த பெண்கள் விலகி வட்டமாக நின்று ‘வேல் வேல்’ என்றார்கள். ஒருவர் குடத்தை வாங்கிக்கொண்டார். அவள் தரையில் சரிந்தாள். யாரோ திருநீறு பூசினார்கள். யாரோ மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். நான் தடுப்பைத் தாண்டி உள்ளே போவதற்குள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். மிச்ச தூரத்தையும் நடந்து முடித்தாள். ஒரு சொட்டுப் பால்கூடச் சிந்தவில்லை என்பதுதான் அதன்பிறகு உறவினர் வீடுகளில் பேச்சாக இருந்தது.

அதைச் சாமி வந்தது என்கிறாள் மனைவி. வெயிலில் வந்த மயக்கம் என்கிறேன் நான். இதில் வேடிக்கை, அவள் அரசாங்கப் பலதுறை மருந்தகத்தில் நோயாளிகளைப் பார்க்கும் தாதி, நான் கணக்காளன்.

“மயக்கம்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? வேலையில தினமும் அதைத்தானே பாக்குறேன்,” என்றாள் அன்று மாலையே.

“அதனாலதான் கேக்குறேன். வேற யாராவது விழுந்திருந்தா நீ சாமின்னு சொல்லுவியா?”

“வேற யாராவதா அவ?”

அதற்குமேல் இருவருமே கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டோம். மறுநாள் பேசிக்கொள்ளவில்லை. பிறகு அந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்று சொல்லிக்கொள்ளாமலே ஓர் ஏற்பாடு வந்துவிட்டது. என்ன நடந்தது என்று மகளிடம் நாங்கள் கேட்கவில்லை. அவள் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் வீடு என்னவாகும் என்ற தயக்கம்.

ஆகவே மாதக்கணக்கில் யாரிடமும் பேசாததை நான் அந்தக் குரலிடம் பேசினேன். உறுமியைப் பற்றியோ ‘வேல் வேல்’ கோஷத்தைப் பற்றியோ சொல்லவில்லை. பள்ளிக்கூடத்து இயந்திரத்திடம் அதை எப்படிச் சொல்வது. வெயிலில் நடந்தபோது மயங்கி விழுந்தாள் என்றேன். சாப்பிட்டிருந்தாரா என்று கேட்டது. விரதம் என்றேன். நினைவு தப்பியதா, உடனே பேசினாரா, அதற்குப் பிறகு மருத்துவரிடம் காட்டினீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. காட்டவில்லை என்று நான் சொன்னபோது அதன் குரல் மாறவில்லை. “உங்கள் கவலை புரிகிறது. பகிர்ந்துகொண்டதற்கு நன்றி,” என்றது. கதவைத் திறந்து வெளியே வந்தபோது நெஞ்சு லேசாக இருந்தது. உண்மையாகவே அப்படித்தான் இருந்தது.

அடுத்த வாரம் பள்ளியில் குழு பிரித்தார்கள். மகள் வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றாமலே வாசலில் நின்றாள்.

“அப்பா, நீங்க அதுகிட்ட என்ன சொன்னீங்க?”

“எதுகிட்ட?”

“நான் கடலுக்குப் போகலையாம். கரைக்குழுவாம். எல்லாரும் படகுல போறப்ப நாங்க கரையில உக்காந்து படம் எடுக்கணும், தண்ணி எடுத்து வைக்கணும். யார் யார் தெரியுமா? கால்ல மாவுக்கட்டுப் போட்ட ஒருத்தன், வலிப்பு இருக்கிற ஒரு பொண்ணு, அப்புறம் நான். நான் என்ன பேஷண்டா லா?”

“ஒரு தடவை மயக்கம் வந்துச்சுன்னு சொன்னேன். அவ்வளவுதான்.”

சமையலறையில் தண்ணீர் நின்றது. மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“எந்த மயக்கம்?” என்றாள்.

நான் மகளின் பையை வாங்கக் கை நீட்டினேன்.

“ஆக, அதைப் போய் மெஷின்கிட்ட சொல்லியிருக்கீங்க. என்கிட்ட பேசமாட்டீங்க. சாமி வந்ததுன்னு சொல்ல வெக்கமா இருந்தா சும்மா இருந்திருக்கலாம்ல?”

“கடல்ல வச்சு அது திரும்ப வந்தா?”

“எது?”

“எதுவா இருந்தா என்ன? கடல்ல சாமி வந்தாலும் முழுகத்தான் செய்வா.”

இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. ஆனால் சொன்ன பிறகு அது கோபமாகத்தான் கேட்டது. மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “என் கயாக்குல இப்ப வேற ஆள். அது தெரியுமா உங்களுக்கு?” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்று இரவு அவள் சாப்பிட வரவில்லை.

இயந்திரத்தின் முடிவை மாற்ற முடியுமா என்று பள்ளிக்கு எழுதிக் கேட்டது மனைவிதான். முகாமிலிருந்து ஒரு பயிற்றுவிப்பாளர் பள்ளிக்கு வருவார், அவரிடம் நேரில் பேசலாம் என்று பதில் வந்தது. எனக்கு மாற வேண்டும் என்றும் இருந்தது, மாறக்கூடாது என்றும் இருந்தது. மகளின் முகத்தைப் பார்த்தால் ஒன்று, கண்ணை மூடினால் ஒன்று.

பள்ளி உணவகத்தில் சந்தித்தோம். மதிய நெரிசல் முடிந்து கடைக்காரர்கள் மேசை துடைத்துக்கொண்டிருந்தார்கள். பயிற்றுவிப்பாளர் முப்பது வயதுத் தமிழ்ப்பெண். முகமும் கையும் வெயிலில் ஊறிக் கறுத்திருந்தன. மூக்கின்மேல் மட்டும் தோல் உரிந்து வேறு நிறம்.

“அங்கிள், நீங்கதானே அதுகிட்ட ரொம்ப நேரம் பேசினது?” என்று சிரித்தாள். “இந்தப் பள்ளியிலயே நீளமான பேச்சு உங்களோடதுதான்.”

“வீட்டுலயும் அப்படித்தான்,” என்றாள் மனைவி.

பயிற்றுவிப்பாளர் கைக்கணினியைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்தாள். அது சொல்வது பரிந்துரை மட்டும்தான், கடைசி முடிவு தன்னுடையது என்றாள். ஆனால் அது ‘கரை’ என்று சொன்ன பிள்ளையைக் கடலுக்கு எடுத்துப்போனால் ஏன் என்று அவள் காரணம் எழுத வேண்டும். அதை லேசாக எழுத முடியாது.

“எனக்கு அதுமேல கோவம் இல்ல அங்கிள். முன்னாடி பெற்றோர் எல்லாரும் ‘இல்லை’ன்னு எழுதி அனுப்பிடுவாங்க. இளைப்பு இருக்குன்னு எங்களுக்குக் கடல் நடுவுலதான் தெரியவரும். இப்ப அது பேச வைக்குது. ஆனா ஒண்ணு. யார் நிறைய பேசுறாங்களோ அவங்க பிள்ளைங்க கரையில உக்காந்திருக்காங்க. பேசாதவங்க பிள்ளைங்க எல்லாம் கடல்ல. இது சரியான்னு எனக்குத் தெரியல.”

நான் அதுவரை அப்படி யோசித்ததில்லை.

“சரி, அன்னைக்கு என்னாச்சு?” என்றாள். நான் வாயைத் திறந்தேன். மனைவியும் திறந்தாள். பயிற்றுவிப்பாளர் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “உன்னைத்தான் கேக்குறேன்மா. விழுந்தது நீதானே?”

மகள் தன் நகத்தைப் பார்த்தபடி பேசினாள். அம்மா பக்கம் திரும்பவே இல்லை.

“முதல்ல இடது கால் மரத்துப் போன மாதிரி இருந்துச்சு. அப்புறம் சத்தமெல்லாம் ரொம்ப தூரமா போயிடுச்சு. உறுமி பக்கத்துலதான் இருக்கு, ஆனா தூரமா கேக்குது. குடத்தைக் கீழ வச்சிட்டு உக்காரணும்னு தோணுச்சு.”

“ஏன் உக்காரல?”

“எப்படி உக்கார்றது? பக்கத்துல இருந்த ஆன்ட்டிங்க எல்லாம் வேல் வேல்னு சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க. எனக்கு இடம் விட்டுட்டாங்க. திரும்பிப் பாத்தா அம்மா அழுவுறாங்க. சந்தோஷ அழுகை. அப்ப போய் ‘எனக்கு முடியல’ன்னு எப்படி சொல்றது?”

“அப்ப அது மயக்கமா, சாமியா?” என்று நான் கேட்டுவிட்டேன்.

“தெரியலப்பா. எதுன்னு யோசிக்கிறதுக்குள்ள விழுந்துட்டேன்.”

மனைவி கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் வென்றதுபோல எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை கூட்டத்தின் நடுவே நின்று, விழுவதா உட்காருவதா என்று தனியாக முடிவு செய்துகொண்டிருந்திருக்கிறாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒருவன் அந்தப் பக்கம் ஒருத்தி என்று நாங்கள் இருவருமே பக்கத்தில்தான் இருந்திருக்கிறோம்.

பயிற்றுவிப்பாளர் சொன்னாள்: “எனக்கு இப்ப பயம் மயக்கத்தைப் பத்தி இல்ல. முடியாதபோது முடியலன்னு சொல்லமாட்டேங்குற ஆளை நான் கடலுக்குக் கூட்டிட்டுப் போகமாட்டேன். மெஷின் சரின்னு சொன்னாலும் மாட்டேன்.”

“இப்ப சொல்லிட்டேன்ல?” என்றாள் மகள்.

“இப்ப சொல்றது சுலபம். உக்காந்திருக்கே. துடுப்பைத் தூக்கு.”

“துடுப்பு எங்க இருக்கு?”

“இருக்குன்னு வச்சுக்க. கடல்ல உதவி வேணும்னா அதான் அடையாளம். தலைக்கு மேல தூக்கு. தூக்கிட்டு சொல்லு, ‘ஐயம் நாட் ஓகே’ன்னு.”

மகள் சுற்றுமுற்றும் பார்த்தாள். அடுத்த மேசையில் உயர்நிலை ஒன்றுப் பையன்கள் அட்டை விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவள் கையைப் பாதி தூக்கி வாய்க்குள்ளேயே ஏதோ சொன்னாள்.

“கடல்ல காத்து அடிக்கும்மா. எனக்குக் கேக்கல.”

“ஐயம் நாட் ஓகே.”

“மீன்களுக்குக்கூடக் கேக்கல.”

மகள் கத்தினாள். அட்டை விளையாட்டு நின்றது. மீ கோரெங் நூடுல்ஸ் கடைக்கார அம்மா எட்டிப் பார்த்து, என்ன ஆனது என்று மலாயில் கேட்டார். ஒன்றுமில்லை என்று பயிற்றுவிப்பாளர் மலாயிலேயே பதில் சொன்னாள். மகள் மேசையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். பல நாள் கழித்து அவள் சிரித்தது அப்போதுதான்.

முகாமுக்கு முன் மருத்துவரிடம் முழுப் பரிசோதனை செய்ய வேண்டும், அது சரியாக இருந்தால் மட்டும் கடல் என்று முடிவானது. கடல் நாளன்று காலை நிறையச் சாப்பிட வேண்டும். அவளும் தோழியும் மறுபடி ஒரே கயாக், ஆனால் அது பயிற்றுவிப்பாளரின் படகுக்குப் பக்கத்திலேயே வர வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் போல அவளும் கைப்பட்டை கட்டிக்கொள்வாள். இதயத் துடிப்பு, உடல் சூடு எல்லாவற்றையும் அது பார்த்துக்கொண்டிருக்கும். பச்சையாக இருந்தால் சரி. மஞ்சளானால் ஓய்வு.

மனைவி விடுப்பு எடுத்து மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். ரத்தம், இதயம், சர்க்கரை. “எல்லாம் நார்மல்,” என்று திரும்பி வந்து சொன்னவள் குளியலறைக்குள் போய் நெடுநேரம் வெளியே வரவில்லை.

வியாழக்கிழமைதான் நான்காவது நாள். அன்று மதியம் நான் தேக்கா சந்தையின் உணவுக்கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அலுவலகம் ஜாலான் புசார் பக்கம் என்பதால் மதியச் சாப்பாடு பெரும்பாலும் அங்கேதான். ஈரச்சந்தைப் பக்கமிருந்து மீன் கழுவிய தண்ணீரின் வாடை. எதிர் இருக்கையில் கட்டுமானத் தொழிலாளர்கள் இருவர் ஊருக்குக் காணொளியில் பேசிக்கொண்டிருந்தார்கள். கைபேசி அதிர்ந்தது.

‘உங்கள் பிள்ளை இன்றைய கடல் நடவடிக்கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டார். தற்போது பாதுகாப்பான இடத்தில் ஓய்வெடுக்கிறார்.’

அந்த இரண்டு வரிகளை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. ‘ஓய்வெடுக்கிறார்’ என்ற சொல் பயமாக இருந்தது. கண் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா? சோறு பிசைந்த கையோடு செயலியைத் திறந்து அந்தக் குரலிடம் கேட்டேன். என் பிள்ளைக்கு என்ன? மயங்கினாளா? பேசுகிறாளா?

“உங்கள் கவலை புரிகிறது. மேலும் தகவல் கிடைத்ததும் தெரிவிக்கிறேன்.”

பேசுகிறாளா என்று மட்டும் சொல் என்றேன்.

“உங்கள் கவலை புரிகிறது.”

அன்று படுக்கையறையில் எனக்கு ஆறுதலாக இருந்த அதே சொற்கள்தான். இப்போது கைபேசியைத் தரையில் அடிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான், தெரியாததை அது சொல்லவில்லை, அதில் தப்பு என்ன என்று பிற்பாடு தோன்றியது. அப்போது தோன்றவில்லை. எதிரே இருந்தவர்களில் ஒருவர் காணொளியை நிறுத்திவிட்டு, “அண்ணே, தண்ணி குடிங்க,” என்று தன் கோப்பையை என் பக்கம் நகர்த்தினார். என் முகம் எப்படி இருந்திருக்கும்.

முகாம் எண்ணை அழைத்தேன். பயிற்றுவிப்பாளர் இன்னும் கடலில் இருக்கிறார், கரைக்கு வந்ததும் அழைப்பார், பிள்ளை நலம் என்றார்கள். நலம் என்று சொல்கிறவர் அவளைப் பார்த்தாரா என்று கேட்டேன். நேரில் பார்க்கவில்லை என்றார். மனைவியை அழைத்தேன். பாதி வேலையில் சொல்லிக்கொண்டு, சீருடைமேல் ஒரு கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கத் திடலில் ஒரு மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்தோம். கைபேசியை இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டோம்.

நான் எதிர்பார்த்தது சண்டையை. அவள் ஆரம்பித்தது வேறு.

“அந்த டெஸ்டையெல்லாம் தை மாசமே எடுத்திருக்கணும். நான்தான் எடுக்க விடல.”

“நீ எங்க தடுத்தே? நானும்தான் கூட்டிட்டுப் போகல.”

“சாமின்னு நான் சொல்லிட்டேன்ல. அதுக்கப்புறம் எப்படி டாக்டர்கிட்ட போறது? போகக்கூடாதுன்னுதாங்க சாமின்னே சொன்னேன். மயக்கம்னா இதயத்தைப் பாக்கணும், தலையைப் பாக்கணும். மருந்தகத்துல நான் பாக்குற பிள்ளைங்களுக்கு என்னென்ன வருதுன்னு உங்களுக்குத் தெரியாது. சாமின்னா ஒண்ணும் பாக்க வேண்டாம்.”

“அப்ப சாமி இல்லையா?”

“அப்படி எப்ப சொன்னேன்? சாமிதான். பயமும்தான். ரெண்டும் இருக்கக்கூடாதா?”

இருக்கலாம் என்றேன். எங்களுக்குத் திருமணமாகிப் பதினெட்டு வருடம். அவளுக்கு நோய்களைப் பார்த்துப் பயம் வரும் என்று எனக்குத் தெரியாது. பயப்படுவது இந்த வீட்டில் என் வேலை என்று இருவருமே வைத்துக்கொண்டிருந்தோம்.

பயிற்றுவிப்பாளர் மாலையில்தான் அழைத்தாள். பின்னால் காற்றும் பிள்ளைகள் கத்துகிற சத்தமும் கேட்டன. மகள் நன்றாக இருக்கிறாள், தூங்கி எழுந்து கஞ்சி குடித்தாள், இப்போது பாத்திரம் கழுவும் முறை யாருடையது என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள் என்றாள்.

“என்னம்மா ஆச்சு?”

“பாதி தூரம் நல்லாத்தான் வந்தா. திடீர்னு துடுப்பைத் தூக்கினா. போனேன். ‘ஐயம் நாட் ஓகே’ன்னா. பாதுகாப்புப் படகுல ஏத்திக்கிட்டோம். ஏறினப்புறம் வாந்தி எடுத்தா. அப்புறம் தூங்கிட்டா.”

“கைப்பட்டை என்ன காட்டுச்சு?”

“பச்சை. கடைசி வரைக்கும் பச்சைதான்.”

“அப்ப ஒண்ணும் ஆகியிருக்காதா?”

“ஆகாம இருந்திருக்கலாம் அங்கிள். ஆகியும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கணும்னு எனக்கு ஆசையில்ல. அவ சொன்னா, நான் நிறுத்தினேன். உண்மையைச் சொன்னா, நானும் அவ முகத்தைப் பாத்து ஒண்ணும் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன்.”

மனைவி கைபேசியைப் பிடுங்கி, கால் மரத்துப்போனதா, சத்தம் தூரமாகக் கேட்டதா என்று கேட்டாள். ஆமாம், அப்படித்தான் சொன்னாள் என்று பதில் வந்தது. மனைவி சேலை இல்லாத சீருடையில் முந்தானையைத் தேடுவதுபோலக் கம்பளிச் சட்டையின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் பள்ளி வாசலில் பேருந்திலிருந்து பிள்ளைகள் இறங்கினார்கள். எல்லாரும் வெயிலில் கறுத்து ஒரே நிறமாக இருந்ததால் மகளைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரமானது. தோழி அவள் தோளில் தொங்கிக்கொண்டு வந்தாள். மறுகரையை அடைந்தவர்களுக்குக் கொடுத்த சிப்பி ஒன்றை நூலில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தாள் தோழி. மகள் கழுத்தில் ஒன்றுமில்லை. அது என் கண்ணில் பட்டது அவளுக்கும் தெரிந்தது.

எங்கள் வீடு இருக்கும் தோ பாயோவுக்கு வரும் பேருந்தில் மேல்தளத்தில் மூவரும் உட்கார்ந்தோம். அவள் பையிலிருந்து கடல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“என் ஃப்ரெண்டு பயிற்றுவிப்பாளரோட சேந்து துடுப்புப் போட்டு முடிச்சுட்டா,” என்றாள் மகள். “நான் படகுல படுத்துக்கிட்டே பாத்தேன். அங்கே கரை தெரிஞ்சுது. கிட்டத்துலதான்.”

“இன்னும் கொஞ்சம் தாங்கியிருக்கலாம்னு தோணுச்சா?” என்று மனைவி கேட்டாள்.

“தோணுச்சு. அதனாலதான் சீக்கிரம் தூக்கினேன். விட்டா தூக்கமாட்டேன்னு தெரியும்.”

மனைவி அவள் தலையில் கை வைத்தாள். உப்பில் முடி கயிறாகியிருந்தது. திட்டுவதுபோல, “எண்ணெய் வைக்கணும்,” என்றாள்.

“அப்பா, டிசம்பர் லீவுல இன்னொரு பேட்ச் போறாங்களாம். பாதியில நிறுத்தினவங்க கேட்டா அந்தக் கடல் நாளுக்கு மட்டும் சேத்துக்குவாங்க. நீங்க சரின்னு சொல்லணும்.”

“யோசிக்கலாம்.”

“யோசிக்கலாம்னா உங்களுக்கு நோன்னு அர்த்தம்.”

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். மனைவி எனக்காகப் பதில் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் சொல்லவில்லை. பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்கலாம். படிப்பு இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்கலாம். இரண்டும் வாய்வரை வந்தன.

“எனக்குப் பயமா இருக்கும்மா,” என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். “எவ்வளவு?”

“நேத்து மத்தியானத்துலேர்ந்து கை நிக்கல. பாரு.”

நீட்டிக் காட்டினேன். பேருந்தின் ஆட்டத்தில் என்று சொல்லிவிடலாம். அப்போது அது சிக்னலில் நின்றுகொண்டிருந்தது. அவள் என் விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். துடுப்புப் போட்ட இடமெல்லாம் கொப்புளம் உடைந்து சொரசொரவென்று இருந்தது.

“சரி, நடுங்கட்டும்,” என்றாள். “போகவா, வேணாமா?”

“போ.”

“நிஜமாவா?”

“நிஜமாத்தான். போற வரைக்கும் எனக்கு நடுங்கும். அதைப் பத்திக் கேக்காதே.”

“கேக்கமாட்டேன் லா,” என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டு, தோழிக்குச் செய்தி தட்டத் தொடங்கினாள்.